உங்களுக்குத் தெரியுமா? ஐ.சி. எண்ணே ஊரைச் சொல்லும்!
சுங்கைப்பட்டாணி கைப்பேசிக் கடையிலும் தோட்டத்து ஆபீசிலும் கேட்டதும் ஐ.சி. (அடையாள அட்டை) நகலை நீட்டுகிறோம். ஐ.சி. எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம், கெடா என்றால் 02. கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண்.

2017 அக்டோபரில், மலேசியாவின் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது அம்பலமானது. நாட்டின் மக்கள்தொகையே அப்போது சுமார் 3 கோடியே 20 லட்சம்தான்! முகவரி, ஐ.சி. எண் எல்லாம் அதில் அடக்கம். கடவுச்சொல்லை மாற்றலாம், பிறந்த தேதியை எங்கே போய் மாற்றுவது?

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது என்பது இன்னொரு வேடிக்கை. இப்படிக் கசிந்த விவரங்களை வைத்து "போலீஸ் பேசுறோம்" என்று உங்கள் ஐ.சி. எண்ணை ஒப்பிப்பவரை நம்பிப் பணம் அனுப்பிவிட்டீர்களா? உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள்.