டாக்டர் இடித்த கோட்டை

கோட்டைகள் எப்படி அழிகின்றன என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடப் பதில் சொல்லிவிடும். பீரங்கி, முற்றுகை, தீ வைப்பு; இவையெல்லாம் இல்லாவிட்டால் கேட்பாரற்றுக் கிடந்து மெல்ல மெல்லப் பாழாவது. அயர்லாந்தில் கார்லோ என்ற ஊரில் உள்ள கோட்டைக்கு நேர்ந்த முடிவு இந்தப் பட்டியலில் சேராதது. 1207க்கும் 1213க்கும் இடையில் எழுந்த கோட்டை அது. அறுநூறு ஆண்டுகளில் அதைப் பலர் பிடித்தார்கள், பலர் பறிகொடுத்தார்கள். கட்டடம் மட்டும் அசையாமல் நின்றது. 1814ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அதன் பெரும் பகுதி சரிந்து விழுந்தது. சரித்தவர் படைத்தளபதி அல்ல, ஒரு டாக்டர். அதுவும் நல்ல காரியம் செய்யப் போய்!

முதலில் கட்டியவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொல்லத் தக்க மனிதர்தான். வில்லியம் மார்ஷல் என்பது அவர் பெயர். இங்கிலாந்தில் சொத்துப் பங்குக்கு வழியில்லாத இளைய மகனாகப் பிறந்தவர். ஐந்தாறு வயதில் ஸ்டீபன் மன்னரிடம் பிணையாக ஒப்படைக்கப்பட்டார். தகப்பனார் வாக்குத் தவறினார். பையனைத் தூக்கிலிடுவேன் என்று மன்னர் மிரட்டியபோது, இன்னும் பிள்ளைகளைப் பெற்றுக்கொள்ளச் சம்மட்டியும் பட்டறையும் என்னிடம் இருக்கின்றன என்று அந்தத் தகப்பனார் பதில் அனுப்பினாராம். மன்னருக்கு மனம் வரவில்லை, பையன் பிழைத்தான். வளர்ந்து வாள்வீரனாகி, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு 1189ல் இசபெல் என்ற பெருஞ்சொத்துக்காரப் பெண்ணை மணந்தார். இந்த இசபெல்லின் தந்தை, அயர்லாந்துக்குப் படையோடு வந்த ஸ்ட்ராங்போ. தாய் ஆய்ஃபா, லெய்ன்ஸ்டர் நாட்டு அரசர் டெர்மட் மக்மரோவின் மகள். இந்த மனைவி வழியாகத்தான் லெய்ன்ஸ்டர் முழுவதும் மார்ஷலின் ஆளுகைக்கு வந்தது.

கார்லோ இருப்பது பாரோ நதியின் கிழக்குக் கரையில். பர்ரின் என்ற சிற்றாறு அங்கே வந்து கலக்கிறது. அந்நாளில் சாலைகளை நம்ப முடியாது, படகை நம்பலாம். ஆற்றைக் காவல் காத்தால் நாட்டைக் காவல் காத்த மாதிரி. மார்ஷலுக்கு முன்பே அந்த மேட்டில் மரத்தால் ஆன ஒரு காவல் கோட்டை இருந்தது என்பதை 1996ல் நடந்த அகழாய்வு காட்டியது. அதே இடத்தில் மார்ஷல் கல்லால் கட்டினார். நீள்சதுரமான மூன்றடுக்குக் கட்டடம். நான்கு மூலைகளிலும் நான்கு உருளைக் கோபுரங்கள். இந்த அமைப்பில் அயர்லாந்தில் எழுந்த முதல் கோட்டை இதுதான் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. ஃபெர்ன்ஸ், லீ ஆகிய இடங்களிலும் இதே சாயலில் கோட்டைகள் எழுந்தன.

மார்ஷல் பின்னாளில், எழுபது வயதை நெருங்கும்போது, சிறுவனாக இருந்த மூன்றாம் ஹென்றிக்காக இங்கிலாந்தையே ஆண்டு, 1219ல் காலமானார். ஃபெர்ன்ஸ் பிஷப்பின் நிலங்களை அவர் பறித்துக்கொண்டதால் பிஷப் சபித்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. சாபமோ என்னவோ, ஐந்து மகன்களும் ஒருவர் பின் ஒருவராகப் பட்டம் ஏற்று, ஒருவருக்கும் வாரிசு இல்லாமல், 1245க்குள் எல்லாரும் மாண்டு போனார்கள். சொத்து ஐந்து மகள்களின் வழிக்குப் போனது. மூத்தவள் பங்கில் வந்த கார்லோ, பிகாட் குடும்பத்திடம் சேர்ந்து, அவர்களும் வாரிசற்றுப் போக, 1306ல் அரசுக்கு வந்தது.

நடுவில் ஒரு ராஜயோகமும் இந்த ஊருக்கு அடித்தது. 1361ல் மூன்றாம் எட்வர்டு மன்னரின் மகன் லயனல், அயர்லாந்தின் கஜானா அலுவலகத்தை டப்ளினிலிருந்து கார்லோவுக்கு மாற்றினார். நாட்டின் கணக்கு வழக்கெல்லாம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கேதான். ஹெட் குவார்ட்டர்ஸை இடம் மாற்றினால் குமாஸ்தாக்கள் என்ன பாடுபடுவார்கள் என்பது மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த நம்மவர்களுக்குத் தெரியும். அதிலும் இந்த ஊர் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியின் விளிம்பில் இருந்தது. தாக்குதலுக்குப் பஞ்சமே இல்லை. பதினான்காம் நூற்றாண்டு முடியுமுன் கஜானா டப்ளினுக்கே திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகு கைமாறிய கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1494ல் கில்டேர் பிரபுவின் தம்பி பிடித்தார். மறு ஆண்டே அரசுப் படை மீட்டது. 1530களில் பட்டுத் தாமஸ் என்று பெயர் பெற்றவரின் கிளர்ச்சியில் மறுபடி கை மாறியது. பிறகு தோமண்ட் பிரபு விலைக்கு வாங்கினார். 1640களின் உள்நாட்டுப் போரில் ஒரு சுற்று. 1650ல் கிராம்வெல்லின் மருமகன் ஐர்டனின் படையிடம் சரணடைந்தது. பீரங்கிக் காலம் வந்து, கோட்டைகளுக்கே வேலை இல்லாமல் போன பிறகும் கார்லோ கோட்டையின் நான்கு கோபுரங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இப்போது டாக்டருக்கு வருவோம். பிலிப் பாரி பிரைஸ் மிடில்டன் என்பவர் 1814 வாக்கில் கோட்டையைக் குத்தகைக்கு எடுத்தார். அதை மனநோயாளிகளுக்கான மருத்துவமனையாக மாற்றுவது அவர் திட்டம். எண்ணம் உயர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. புத்தி பேதலித்தவர்களைச் சங்கிலியில் கட்டிப் போடுவது சகஜமாக இருந்த காலம் அது. ஆனால் கோட்டைக்குள் வெளிச்சம் இல்லை, காற்று இல்லை. சுவர்களோ மிகக் கனம். கனத்தைக் குறைத்து, பெரிய ஜன்னல்கள் திறந்தால் உள்ளே இடமும் கிடைக்கும், வெளிச்சமும் வரும் என்று கணக்குப் போட்டார். கொத்தனாரின் உளியால் செய்தால் எத்தனை மாதமோ? வெடிமருந்து வைத்தால் சீக்கிரம் முடியும் என்று வைத்தார். சீக்கிரமாகத்தான் முடிந்தது.

முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வேயில் பழைய பாலங்களோடும் பழைய கட்டடங்களோடும் மல்லுக்கட்டியவன் என்ற முறையில், இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்துக் கனத்த சுவர் ஒரே கல்லான பாறை அல்ல. வெளிமுகத்தில் ஒரு வரிசைக் கட்டு, உள்முகத்தில் ஒரு வரிசைக் கட்டு, நடுவில் துண்டுக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொட்டி நிரப்பியது. இரண்டு ரொட்டிக்கு நடுவில் மசாலா வைத்த மாதிரி என்று என் பேரனுக்குச் சொன்னேன். இத்தகைய சுவர் மேலிருந்து வரும் பாரத்தை எத்தனை நூற்றாண்டு வேண்டுமானாலும் தாங்கும். அமுக்கினால் சுண்ணாம்புக் காரை தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். வெடி என்பதோ இழுவை. மருந்து எரிந்து கிளம்பும் வாயு, இருக்கிற இடுக்குகளில் எல்லாம் புகுந்து கற்களைப் பிரித்துத் தள்ளுகிறது. முகக் கல் ஒரு பக்கம், நடு நிரப்பு ஒரு பக்கம் என்று பிடிப்பு விட்டுப் போனால், வெளிப்பார்வைக்குச் சுவர் நின்றுகொண்டிருக்கும். உள்ளே அது சுவரே அல்ல.

இன்னொன்று. நான்கு சுவரும் நான்கு கோபுரமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் பெட்டி இது. ஒரு பக்கம் போனால் அடுத்த பக்கத்துக்குத் துணை போயிற்று. சுவர் எல்லா இடத்திலும் ஒரே கெட்டியாக இருந்தது என்றும் சொல்ல முடியாது; மேற்குச் சுவரின் கனத்துக்குள்ளேயே மாடிப்படி ஓடுகிறது. எங்கே கெட்டி, எங்கே பொள்ளல் என்று பார்க்காமல் கைவைக்கக்கூடிய கட்டடம் இல்லை.

அன்றைய வெடி வேலையும் இன்றையது போல் அல்ல. டைனமைட் வந்தது 1867ல். பத்திரமாக எரியும் திரியைப் பிக்ஃபோர்டு என்பவர் கண்டுபிடித்ததே 1831ல்தான். டாக்டரிடம் இருந்தது கருமருந்து மட்டுமே. சுரங்கத்தில் பழகிய கைகளே அதனால் விரல்களையும் உயிரையும் இழந்துகொண்டிருந்த நாட்கள்!

பழைய சுவரில் வாசல் திறக்கும் முறை கொத்தனார்களுக்குத் தெரிந்ததுதான். நான் உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், ஒரு பழைய ஷெட்டில் இரண்டரை அடிச் சுவரில் அகலமான வாசல் வைக்க வேண்டியிருந்தது. எங்கள் மேஸ்திரி முதல் நாள் முழுவதும் சுவரைச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார், டாக்டர் முதுகில் தட்டிப் பார்ப்பதுபோல. பிறகு வாசலின் மேல்மட்டத்தில் அங்கங்கே சிறு துளைகள் எடுத்து, குறுக்கே உத்திரக் கட்டைகளைச் செருகி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகே பாதிக் கனத்தில் ஒரு தூலம், காரை இறுகியபின் மறுபாதியில் ஒரு தூலம், கடைசியில்தான் கீழே உள்ள கல். பதினேழு நாள் ஆனது. சுவரில் மயிரிழை வெடிப்பும் இல்லை. அவசரப்பட்ட கான்ட்ராக்டர் ஒருவர், ஒரு சின்ன வெடி வைத்தால் ஒரு மணி நேர வேலை என்றார். மேஸ்திரி அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

டாக்டரின் நோக்கம் இரக்கமுள்ளது, அவரை அதிகம் திட்டக்கூடாது என்று வாதாடுபவர்கள் உண்டு. நான் ஒப்பவில்லை. நோயாளிக்கு என்ன நோய் என்று பார்க்காமல் கத்தி எடுக்கக்கூடாது என்பது அவர் தொழிலிலேயே உள்ள பாடம். கட்டடத்துக்கு மட்டும் அது பொருந்தாதா?

கிழக்குப் பக்கம் முழுவதும் போய்விட்டது. மிஞ்சியது மேற்குச் சுவரும் அதன் இரு முனைகளிலும் உள்ள இரண்டு கோபுரங்களும். பின்னாளில் ஒரு சோடா, மினரல் வாட்டர் தொழிற்சாலையின் வளாகத்துக்குள் அது நெடுங்காலம் ஒடுங்கி நின்றது. இப்போது சுற்றுப்புறம் திறந்து, தேசிய நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள். மனநோயாளிகளுக்கான மருத்துவமனை கார்லோவுக்கு வராமல் போகவில்லை. 1832ல் அதே ஊரில், வேறு இடத்தில், அதற்கென்றே புதிதாகக் கட்டித் திறந்தார்கள்.

என் மகள் டப்ளினில் இருப்பதால் எனக்கு இதைப் பார்க்க வாய்த்தது. நம் சங்கத்துக் குடும்பங்களிலும் பிள்ளைகள் அங்கே நர்ஸாகவும் கம்ப்யூட்டர் வேலையிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போகிறவர்கள் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். டப்ளின் ஹூஸ்டன் நிலையத்திலிருந்து வாட்டர்ஃபோர்டு போகும் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கார்லோ வரை அந்தப் பாதை 1846லேயே திறந்துவிட்டது. தண்டவாள இடைவெளி 5 அடி 3 அங்குலம், நம் பிராட்கேஜைவிட மூன்று அங்குலம் குறைவு. பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்லிப் பாருங்கள், அவருக்குத் தெரிந்திருக்காது. நிலையத்திலிருந்து ஆற்றை நோக்கி நடந்தே போய்விடலாம். எல்லோரும் கோட்டையை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் உடைந்த பக்கத்துக்குப் போய் நில்லுங்கள். உள்ளே இருந்திருக்க வேண்டிய மூன்று அடுக்குகளின் அடையாளங்களும் வெட்டவெளியில் தெரியும். குடையை மறக்க வேண்டாம். நான் போன அன்று நான்கு முறை மழை.