‘நாகர்கோவில்’ என்னும் சொல்லும் கணினிச் சொல்லடைவும்

நாஞ்சில் நாட்டு ஊர்ப்பெயர்களை ஆராய்வார் ஒருவர், வழங்கியிற் சேர்த்த ஆய்வேடுகளில் ‘நாகர்கோவில்’ எனத் தேடி ஒன்றும் காணாராயின், அச்சொல் ஆண்டு இல்லை எனத் துணிதல் பொருந்தாது. தேடுபொறி ஏட்டைப் படிப்பதன்று. இணைப்புக் கோப்பினின்று முன்னரே பிரித்தெடுத்த எழுத்துக்களால் ஆக்கிய சொல்லடைவையே நோக்குகின்றது. ஆதலின் அவ்வாறு பிரித்தெடுத்த பகுதியையே நாம் முதற்கண் காணுதல் வேண்டும். அது வெறுமையாயின், கோப்பில் உள்ளவை பக்கப் படங்களே. எழுத்துணரி கொண்டு படித்தாலன்றிப் பயனில்லை.

இடர் மிகுவது ‘கோ’ என்னும் எழுத்திலேயாம். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தாப் குறியீட்டில் இரட்டைக்கொம்பு, ககரம், கால் என எழுதும் வரிசையிலேயே மூன்று குறிகள் நிற்கும். ஒருங்குறியிலோ ககரம் முன்னும் ஓகாரக்குறி பின்னும் வரும். அவ்வோகாரக்குறியும் ஒன்றாகவோ, கொம்பும் காலுமென இரண்டாகவோ அமையும். கண்ணுக்கு ஒரு சொல்லாய்த் தோன்றுவது கணினிக்கு மூன்றாகின்றது. (கோவில், கோயில் என்னும் வழக்கு வேறுபாடு தனியே நிற்க.) அரசு ஒருங்குறியை ஏற்றது 2010-இல், அதற்கு முற்பட்ட ஏடுகளை ஐயுற்றே நோக்குக.

பழங்குறியீட்டை ஒருங்குறிக்கு மாற்றி, ஓகாரத்தை ஒரே வடிவிற்குக் கொணர்தலும், தேடுவார் தரும் சொல்லையும் அவ்வாறே திருத்துதலும் வேண்டும். இவற்றைச் செய்தும் பலர் மறப்பது ஒன்றுண்டு: பழைய கோப்புகளுக்குச் சொல்லடைவை மீண்டும் ஆக்குதல். அஃதின்றேல் முன்னைய பிழையே நிலைத்திருக்கும்.