டேனரி ஊர்களுக்கு ஆய்வுத் தரவுத்தளம் எதற்கு?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரிகளைப் பற்றியும் பாலாற்று நிலத்தடி நீரில் ஏறிய உப்பைப் பற்றியும் எழுதப்பட்ட ஆய்வுகள் ஏராளம். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஊர்களுக்கு அவை வந்து சேர்வதில்லை. அவற்றைச் சேர்க்கும் வழி: கட்டுரை, காப்புரிமை, தீர்ப்பு என எல்லாவற்றையும் பொருள்வாரியாகப் பகுத்து அடுக்கியிருக்கும் ஆய்வுத் தரவுத்தளங்கள்தான். "போனில் தேடினாலே வந்துவிடுமே" என்பவர்கள் உண்டு. வரும், ஆனால் விளம்பரமும் செய்தித் துணுக்கும் கலந்து வரும், எது மூலம், எது ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொன்னது என்று தெரியாது. தரவுத்தளத்தில் எழுதியவர், ஆண்டு, துறை எல்லாம் தனித்தனிக் கட்டங்களில் பதிவாகியிருக்கும். வேண்டியதை மட்டும் வடிகட்டிக்கொள்ளலாம்.

காப்புரிமைகளையே எடுத்துக்கொள்வோம். தோலை ரசாயனத்தால் பதப்படுத்தும் முறைகளுக்கு உலகக் காப்புரிமை அலுவலகங்கள் தரும் வகைப்பாட்டுக் குறி 'சி14சி'. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் 'எஸ்பாஸ்நெட்' தளத்தில், கட்டணமில்லாமல், இந்தக் குறியைக் கொடுத்து ஆண்டையும் குறுக்கினால் ஜெர்மனியில் பதிவானதும் சீனாவில் பதிவானதும் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். தோல் பதப்படுத்தலில் குரோமியத்தைக் குறைக்க வழி தேடும் சிறு டேனரிக்காரர் அந்த மொழிகளைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குறி எந்த நாட்டிலும் ஒன்றுதான். ஆங்கிலம் தெரியாதவருக்கு இதெல்லாம் எட்டாது என்ற வாதத்துக்கு இது பாதிப் பதில். மீதிப் பதில், கூட உட்கார்ந்து படித்துக்காட்டும் நூலகர்.

வழக்குகளிலும் இப்படித்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டோடு கெட்டுப்போன சூழலைச் சீராக்கும் செலவையும் மாசுபடுத்தியவரே ஏற்க வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் பாலாறு மாசு வழக்கில் அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பளித்தது. அதன் 'இ-எஸ்சிஆர்' தளத்தில் தீர்ப்புகளை இலவசமாகப் படிக்கலாம். அதிகாரியிடம் மனுக் கொடுக்கப் போகிறவர் கையில் செய்தித்தாள் துண்டைவிடத் தீர்ப்பின் பத்தி எண் இருப்பது பலம்.

ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கோ கட்டணச் சுவர் மெய்யான தடைதான். 2025-இல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. பொது நூலகங்கள் அதில் சேரவில்லை. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிற மக்களுக்கு இது நியாயமில்லை. மாவட்ட மைய நூலகங்களையும் இத்திட்டத்தில் சேர்க்க வேண்டும். அதுவரை, கரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய டிஜிட்டல் நூலகத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். தேடக் கற்றுத்தரும்படி உங்கள் ஊர் நூலகரிடம் கேளுங்கள்.