ஒலியற்ற திரையில் தமிழ்: இரா. நடராஜ முதலியாரின் 'கீசக வதம்'

முன்னுரை

தாதாசாகேப் பால்கே 1913இல் பம்பாயில் 'ராஜா ஹரிச்சந்திரா'வைத் திரையிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் தென்னிந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படத்தை உருவாக்கியவர் இரா. நடராஜ முதலியார் (1885–1971). ஒரு சொல்லும் ஒலிக்காத அப்படத்தைத் தமிழ்ப்படம் எனல் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வணிகர் கலைஞரானமை

வேலூரில் பிறந்த முதலியார், சென்னையில் மிதிவண்டியும் பின்னர் மோட்டார் உதிரிப்பாகங்களும் விற்றவர். பால்கேயின் படங்களால் ஈர்க்கப்பட்ட அவர், பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரிடம், கையால் சுழற்றி இயக்கும் படக்கருவியைக் கையாளப் பயின்றார். கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் இந்தியா பிலிம் கம்பெனியை நிறுவி, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகிய அனைத்தையும் தாமே ஏற்றார். மேலே மெல்லிய வெண்துணி கட்டி, அதனூடே வடிந்த கதிரவன் ஒளியில் காட்சிகள் பதிவாயின. படச்சுருள்கள் பெங்களூரில் கழுவப்பட்டன. 35 நாள் உழைப்பிலும் ஏறத்தாழ 35,000 ரூபாய்ச் செலவிலும் 'கீசக வதம்' உருவாயிற்று. அது வெளிவந்த ஆண்டை 1916, 1917, 1918 என வரலாற்றாசிரியர் வேறுபடக் கூறுவர்.

படத்தின் மொழி

சைரந்திரியாக விராடன் அரண்மனையில் மறைந்து வாழ்ந்த திரௌபதியைத் துன்புறுத்திய கீசகனை வீமன் கொன்ற கதை, தெருக்கூத்தாலும் பாரதச் சொற்பொழிவாலும் மக்கள் அறிந்ததே. எனவே உரையாடல் இன்றியும் அவர்கள் காட்சியைப் பின்தொடர முடிந்தது. காட்சிகளுக்கிடையே தமிழ், ஆங்கிலம், இந்தி எழுத்துகளில் விளக்க அட்டைகள் தோன்றின. எழுத்தறியாதார்க்கு அவற்றை உரக்கப் படித்துக் கதை சொல்வோர் அக்காலக் கொட்டகைகளில் இருந்தனர். ஆகவே படச்சுருளில் இல்லாத தமிழ் ஒலி கொட்டகையில் இருந்தது. இப்படத்தின் தமிழ்மையைச் சுருளில் மட்டுமன்றி அதனைக் கண்டோர் அவையிலும் தேடுதல் வேண்டும்.

முடிவுரை

'திரௌபதி வஸ்திராபகரணம்', 'லவ குசா' முதலியவற்றையும் படைத்த முதலியார், படப்பிடிப்புக் கூடம் தீக்கிரையானதாலும் மகனை இழந்த துயராலும் 1923 அளவில் இத்துறையை விட்டு விலகினார். 'கீசக வதம்' படத்தின் ஒரு படியும் இன்று எஞ்சவில்லை. எனினும் அது பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளிலும் திரையிடப்பட்டதாகக் குறிப்புகள் உள்ளன. அந்நாடுகளின் பழைய நாளிதழ்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் ஒரு விளம்பரமோ துண்டறிக்கையோ கிடைப்பினும், ஆண்டுக் குழப்பம் தீர வழி பிறக்கும். தமிழ்த் திரையின் தொடக்கத்தை மீட்கும் பணி, ஆங்காங்கு வாழும் தமிழாய்வாளர்க்கும் உரியதாகும்.