தவறு செய்ய விடாத இசைக்கருவி

இசை கற்கத் தொடங்கும் குழந்தையைத் தடுப்பது பெரும்பாலும் திறமைக் குறைவன்று. தவறிவிடுவோமோ என்ற அச்சமே. இதற்கு எளிய வழி கண்டவர் ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஆர்ஃப் (1895–1982). 1948-இல் பவேரிய வானொலி வழியே அவரது முறை சிறுவர்களிடையே பரவத் தொடங்கியது.

இம்முறையில் குழந்தைகள் முதலில் கைதட்டியும் காலால் தரையைத் தட்டியும் தாளம் பழகுவர். பின்னர் சைலோஃபோனின் மரக்கட்டைகளைக் கோலால் தட்டுவர். அக்கட்டைகளைக் கழற்றி மாட்டலாம். தொடக்கத்தில் ஆசிரியர் ம, நி ஆகிய இரண்டையும் எடுத்துவிடுவார். ஏன்?

ஸ-வின் அதிர்வெண் வினாடிக்கு 262 எனக் கொள்வோம். அப்போது க 330, ம 349. இவ்விரண்டும் சேர்ந்து ஒலித்தால் வினாடிக்கு 19 விம்மல்கள் எழுந்து காதை உறுத்தும். நி (494), மேல் ஸ (523) ஆகியவையும் இவ்வாறே நெருங்கியவை. ம, நி நீங்கியதும் இந்த அரைச்சுர நெருக்கங்கள் இரண்டும் மறைகின்றன. எஞ்சுபவை ஸ, ரி, க, ப, த. நம் மோகன ராகத்தின் சுரங்கள்!

இனிப் பத்துக் குழந்தைகள் சேர்ந்து எதைத் தட்டினாலும் கடுமுரண் எழாது. அச்சம் நீங்கிய குழந்தை தானே மெட்டுக் கட்டும். எடுத்த கட்டைகளைப் பின்னர் மாட்டும்போது, புதிய சுரத்தின் வேறுபாட்டை அதன் காதே சொல்லிவிடும்.