எழுத்து போகும் வழி: சீனக் கோட்டு வரிசையும் நமது கையெழுத்தும்

தமிழ் இலக்கியக் கூட்டத்தில் சீன எழுத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் யோசிக்கக்கூடும். ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு அது தூரத்து விஷயமல்ல. அஜின்கோர்ட்டில் 1984இல் டிராகன் சென்டர் என்ற சீனக் கடைத்தொகுதி திறக்கப்பட்டது. ஷெப்பர்ட் வீதியில் போகிற எவருக்கும் அந்த எழுத்துகள் அன்றாடக் காட்சி. நமக்கு அவை படங்கள். சீனப் பிள்ளைகளோ அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் போடவேண்டிய கோடுகளாகப் படிக்கிறார்கள்.

விதிகள் கொஞ்சம்தான். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். கோடுகள் வெட்டினால் குறுக்குக்கோடு முதலில், நெடுங்கோடு பிறகு. ‘பத்து’ என்ற எழுத்து கூட்டல் குறி போல இருக்கும். அதை இப்படித்தான் எழுதவேண்டும். ‘நாடு’ என்ற எழுத்து ஒரு பெட்டிக்குள் இருக்கும். இடச்சுவர், பிறகு கூரையும் வலச்சுவரும் ஒரே இழுப்பாக, பிறகு உள்ளே இருப்பது, கடைசியில் அடிக்கோடு. ஆள் உள்ளே போன பிறகு கதவைச் சாத்து என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

முடிந்த எழுத்து ஒன்றுபோல இருந்தால் வரிசை எதற்கு? வேகமாக எழுதும்போதுதான் பதில் தெரியும். ஒரு கோட்டின் முடிவு அடுத்த கோட்டின் தொடக்கத்தோடு இழுபட்டுச் சேரும். எல்லோரும் ஒரே வழியில் போனால்தான் ஒருவரின் அவசரக் கையெழுத்தை மற்றவர் வாசிக்கமுடியும். ‘புத்தகம்’ என்ற எழுத்துக்குப் பழைய வடிவில் 10 கோடுகள். சீனாவின் எளிய வடிவில் 4. அந்த நான்கும் அப்படிச் சேர்த்தெழுதிய கையெழுத்திலிருந்து வந்தவை.

வரிசை எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. தாய்வான் 1996இல் 4,808 எழுத்துகளுக்கும், சீனா 1997இல் 7,000 எழுத்துகளுக்கும் தனித்தனியே வரிசை வகுத்தன. சில எழுத்துகளில் இரண்டும் வேறுபடும். ஆகவே ‘சரியான’ வரிசை என்பது ஒரு சமூகம் தன் கைகளுக்குள் செய்துகொண்ட உடன்பாடு.

இனி நம்மிடம் வருவோம். மதுரைக்கு அருகே மாங்குளம் போன்ற குகைகளில் உள்ள தமிழ்ப் பிராமியில் ‘க’ ஒரு கூட்டல் குறி. சீனர்களின் ‘பத்து’ போலவே! அவர்கள் கை இரண்டு கோடுகளையும் தனித்தனியே வைத்திருந்தது. நம் கை நூற்றாண்டுகளாக அவற்றை வளைத்து இணைத்துக்கொண்டே வந்தது. இன்றைய ‘க’ அந்தப் பயணத்தின் தடம்.

இரண்டு எழுத்துகளும் ஒரே கல்லில் சந்தித்தும் இருக்கின்றன. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டிட்டு வைத்த கல்வெட்டு, இலங்கையின் காலி நகரில் 1911இல் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் வரும் யோங்லெ என்ற ஆட்சிப்பெயரின் முதல் எழுத்து ‘யோங்’. தூரிகையின் எட்டு அடிப்படை அசைவுகளும் அந்த ஒரே எழுத்தில் இருப்பதால், எழுதப் பழகுகிறவர்கள் இன்றும் அதையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்? சீனர்களிடம் ‘பேனாவை எடுத்தால் எழுத்து மறக்கிறது’ என்று ஒரு சொல்வழக்கு உண்டு. தொலைபேசியில் ஒலியைத் தட்டினால் எழுத்து வந்துவிடுகிறது. கை வழியை மறக்கிறது. நமக்கும் அதே கதைதான். ‘கொ’ என்று கையால் எழுத முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். தொலைபேசியில் முதலில் க. திரையில் மட்டும் தமிழ் பழகிய பிள்ளைக்குக் கொம்பு எங்கே தொடங்குகிறது என்று கைக்குத் தெரியாது. எழுத்தைப் பார்த்து வரைகிறது. வரைந்த எழுத்தில் வேகம் வராது. வேகம் வராத பிள்ளை எழுதுவதையே விட்டுவிடும்.

விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கிறோமே, அது கோட்டு வரிசைப் பாடம்தான். அதை ஒரு நாள் சடங்காக விடாமல், வாரம் பத்து நிமிடம் பிள்ளையின் பக்கத்தில் இருந்து, அது எங்கே தொடங்குகிறது, எப்படிப் போகிறது என்று பாருங்கள். முடிந்த எழுத்தை மட்டும் திருத்தினால் போதாது. கை போகும் வழியையும் திருத்தவேண்டும்.