பேடாடலும் ஸ்திரீபார்ட்டும்: பெண்வேடத்தின்வழி ஆண்மைக் கருத்தாக்கம்

முன்னுரை

ஆடவர் மேடையில் பெண்வேடம் புனைவது ஆண்மைக்கு இழுக்கா, நடிப்புத்திறனின் உச்சமா என்னும் வினா தமிழ் நாடக வரலாற்றில் நெடிது விவாதிக்கப்பட்டுள்ளது. அவ்விவாதம் பெண்வேடத்தைப் பற்றியதாகத் தோன்றினும், ஆண்மை என்பது யாது என்னும் வினாவே அதன் உள்ளீடாகும். பழைய இலக்கியம் காட்டும் பேடாடலையும் நாடகக் கம்பெனிகளின் ஸ்திரீபார்ட் மரபையும் ஒப்புநோக்கி இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

இலக்கியத்தில் பேடாடல்

தொல்காப்பியக் களவியல் பெருமையையும் உரனையும் ஆடவர்க்கும், அச்சம், நாண், மடன் ஆகியவற்றைப் பெண்டிர்க்கும் உரியனவாகப் பகுக்கிறது. இப்பகுப்பினுள் அடங்காத, ஆண்மை திரிந்தோர் பெயரைக் கிளவியாக்கம் உயர்திணைக்கண் வைத்து இலக்கணம் கூறுகிறது. திருக்குறளிலோ பேடியின் கைவாள் பயனின்மைக்கு உவமையாகிறது (614, 727).

சிலப்பதிகாரம் வேறொரு பார்வையைத் தருகிறது. கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோராடல்களுள் ஒன்று, காமன் பெண்மைக் கோலம் பூண்டு ஆடிய பேடு. வாணாசுரனின் நகரில் சிறைப்பட்ட தன் மகன் அநிருத்தனை மீட்டற்பொருட்டு அவன் ஆடியது என்பது உரைமரபு. இங்கு ஆண்மை திரிந்த கோலம் வலியின்மையின் அடையாளமன்று, மீட்பிற்கான வழியாகும். அதனைப் பெண்ணொருத்தி ஆடிக்காட்டுவதால் வேடத்தின்மேல் வேடமும் அமைகிறது.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் புகார் வீதியில் மக்கள் இக்கூத்தைக் கண்டு நிற்கின்றனர். அவ்வாடற்கோலத்தில் தாடியும் பூங்குழலும் ஒருங்கே இடம்பெறுகின்றன. ஆணுருவை முற்றாக மறைப்பதன்று, இருபாற் கூறுகளையும் ஓருடலில் காட்டுவதே இக்கோலத்தின் இயல்பு.

நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட்

கம்பெனி நாடகம் இதற்கு மாறாக முழு மறைப்பை வேண்டிற்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) மதுரையில் 1918இல் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாலர் கம்பெனிகளில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் ஆகிய இரண்டையும் சிறுவரே ஏற்றனர். குரல் உடையும் பருவத்து இடர்ப்பாட்டை நாடகத்தார் மகரக்கட்டு என வழங்கினர். பெண்குரலில் பாடி வந்த சிறுவனுக்கு அப்பருவம் தன் இடத்தை இழக்கும் காலமாயிற்று. ஆணாக வளர்தலே பிழைப்பிற்கு இடையூறான முரண் அது.

சென்னையில் 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் நிறுவிய சுகுண விலாச சபையில் கற்ற ஆடவர் பெண்பாத்திரம் ஏற்றனர். முதலியாருக்கு இணையாகக் கதாநாயகி வேடங்களில் நடித்த ரங்கவடிவேலு அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்.

விவாதத்தின் இரு முனைகள்

குடும்பப் பெண்டிர் மேடையேறுதல் ஒழுக்கக்கேடு என்னும் கருத்து, ஆடவரின் பெண்வேடத்திற்கு ஆதரவாயிற்று. பெண்வேடமிடும் சிறுவனிடம் பெண்தன்மை படிந்துவிடும் என்னும் அச்சம் அதற்கு எதிராயிற்று. முன்னது பெண் மேடையில் நிற்றலை இழிவாகக் கருதிற்று. பின்னது ஆண் பெண்ணை ஒத்திருத்தலை இழிவாகக் கருதிற்று. எதிரெதிர் நிலைகளாயினும் பெண்மையைத் தாழ்த்தும் நோக்கு இரண்டிற்கும் பொது.

எனினும் பெண்வேடம் எல்லாம் இழிவாகக் கருதப்படவில்லை. தி.க.சண்முகம் ஏற்ற ஔவையார் வேடம் அவர் பெயருக்கு முன்னொட்டாகவே நிலைபெற்றது. முதுமையும் புலமையும் வாய்ந்த பெண்பாத்திரம் நடிகருக்குப் பெருமை சேர்த்தது. ஆகவே, ஆண்மைக்கு இடையூறாகக் கருதப்பட்டது பெண்வேடமன்று, விழைவிற்குரிய இளம்பெண்ணாக ஆண் தோன்றுதலே எனக் கொள்ள இடமுண்டு.

மறுதலையாக, கே.பி.சுந்தராம்பாள் மேடையில் ராஜபார்ட் ஏற்றதோடு, 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ திரைப்படத்தில் நந்தனாராகவும் நடித்தார். இளமையில் நாடகக் கம்பெனியில் பெண்வேடமேற்ற சிவாஜி கணேசன், 1959இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தின்வழி வீரத்தின் திரையுருவானார். நடையும் நோக்கும் குரலும் பயின்று பெண்மையை ஆக்கிய அதே நடிப்புப்பள்ளியே வீர ஆண்மையையும் ஆக்கித் தந்தது.

முடிவுரை

பேடாடல் இருபாற் கூறுகளையும் வெளிப்படக் காட்டிற்று. ஸ்திரீபார்ட் ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காட்டிற்று. இம்மாற்றம், ஆண், பெண் எல்லைகள் மேலும் இறுகியதன் அறிகுறி எனலாம். தெருக்கூத்தில் ஆடவர் திரௌபதி வேடமேற்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அவ்வேடத்தின் முன் ஊரார் கைகூப்புகின்றனர். வேடம் களைந்த பின் அதே கலைஞர் எள்ளலுக்கு ஆளாவாராயின், குறை அவரது ஆண்மையில் அன்று, ஆண்மைக்குச் சமூகம் வகுத்த இலக்கணத்திலேயே உள்ளது.